வேலூரிலிருந்து கடலுக்கு: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல் உயிர்களைக் காட்ட ஒரு நாள் பயணம், ஏற்பாடுகள் முழுக்க

நம் பக்கத்துப் பள்ளிகளில் கடலுக்கு டூர் என்றால் மாமல்லபுரம் சிற்பம், முதலைப் பண்ணை, சாயங்காலம் கடலில் கால் நனைத்தல், இரவு பாட்டுப் போட்டபடி வீடு. அதற்கு வழிகாட்டி தேவையில்லை, பஸ் ஏஜென்டே எல்லாம் பார்த்துக்கொள்வார். நண்டு வளையையும், பாறையில் ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிரான கொட்டலசையும், வலையில் வந்து விழும் உயிர்களையும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒரு பயணத்தை இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன: காகிதமும் ஓதமும், அதாவது கடல் ஏறி இறங்குவதும். இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. இடம்: கோவளத்தை முதலில் யோசியுங்கள்

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும் என்றால் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் நல்ல தேர்வு. மீனவர் ஊர், அலைத்தடுப்புக் கற்கள், மணல் கரை, பக்கத்திலேயே முட்டுக்காட்டுக் கழிமுகம் என நான்கும் சில கிலோமீட்டருக்குள் கிடைக்கும். வேலூரிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ. வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருப்போரூர் வழி. வாலாஜாபேட்டை வேறு, வாலாஜாபாத் வேறு. ஓட்டுநரிடம் வழியை எழுதியே கொடுங்கள்.

மாமல்லபுரமும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் கடற்கரைக் கோயில் பக்கத்துக் கூட்டத்துக்கு நடுவே நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து எதையும் காட்ட முடியாது. சிற்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று பள்ளியில் யாராவது சொல்வார்கள். சேர்த்தால் கடல் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். மறுத்துவிடுங்கள்.

பழவேற்காடு ஏரி அருமையான இடம், குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். ஆனால் படகு ஏறலாம் என்று நம்பிப் போகாதீர்கள். 2011-ல் அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படகுச் சவாரி என்று யார் ஆசை காட்டினாலும் பள்ளிப் பயணத்தில் வேண்டாம்.

இரண்டு நாள் கிடைத்தால் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் அங்கே உள்ளன, பிச்சாவரம் அலையாத்திக் காடும் பக்கம். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் வழியாக 200 கி.மீ.க்கு மேல் வரும். தங்குமிடம், இரவுக் காவல், இரண்டு நாள் அனுமதி எல்லாம் சேர்ந்துவிடும் என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆசை வரும்: நம் ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அது கல்பாக்கத்தைத் தாண்டி வயலூர் பக்கம். கோவளத்திலிருந்து அங்கே போய்த் திரும்பினால் நாள் போதாது. அணுமின் நிலையம் இருக்கும் பகுதி என்பதால் நிறுத்துவதிலும் படம் எடுப்பதிலும் கெடுபிடி உண்டு. வரைபடத்தில் காட்டினால் போதும்.

2. தேதி: காலண்டரில் திதியைப் பாருங்கள்

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இறங்கியிருக்கும்போதுதான் பாறையும் ஈர மணலும் வெளியே தெரியும், உயிர்களைப் பார்க்க முடியும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போய் நின்றால் அலையை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வடியும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பௌர்ணமியன்று கிளம்புகிறவர்கள் உண்டு. சென்னைக் கரையில் அந்த நாட்களில் கடல் வடிவது ஏறக்குறைய பிற்பகல் 2, 3 மணிக்கு. உச்சி வெயிலில், கொதிக்கும் மணலில், பிள்ளைகள் களைத்திருக்கும் நேரத்தில்.

ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அந்த நாட்களில் அதிகாலை 2 மணி வாக்கில் வரும் இன்னொரு இறக்கத்திலிருந்து அப்படியே கணக்குப் போட்டால் அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து சஷ்டி, சப்தமி வாக்கில் காலை 7.30-இலிருந்து 8.30-க்குள் கடல் இறங்கியிருக்கும். வடிவது சற்றுக் குறைவாக இருக்கும், பரவாயில்லை. நமக்கு வேண்டியது காலை நேரம். அஷ்டமிக்குப் பிறகு போனால் நேரமும் தள்ளிப்போகும், வடிகிற அளவும் மிகக் குறைந்துவிடும்.

திதிக் கணக்கு நாளைத் தோராயமாகத் தேர்ந்தெடுக்க மட்டும். தேதியை உறுதி செய்யும் முன் சென்னைக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் நிலைத் தகவல் தரும், ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். கோவளத்துக்கும் அதுவே பொருந்தும். கைப்பேசிச் செயலிகளில் பார்த்தால் நேரம் இந்திய நேரமா என்று ஒரு முறை சரிபாருங்கள். சில செயலிகள் உலகப் பொது நேரத்தைக் காட்டும், ஐந்தரை மணி நேரம் புரண்டுவிடும்.

மாதம் என்றால் பொங்கலுக்குப் பிறகு பிப்ரவரி முடிய நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். மார்ச்சில் பொதுத் தேர்வு, அனுமதியே கிடைக்காது. காணும் பொங்கலன்று எந்தக் கடற்கரைப் பக்கமும் போகாதீர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள், ஈ.சி.ஆரில் வண்டி நகராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அது விசைப்படகுகளுக்குத்தான், சின்னப் படகுகள் போகும். ஆனால் அந்த வெயிலுக்கு நம் வெயிலே போதும்.

சனிக்கிழமையா வேலை நாளா? வகுப்பு கெடாது என்று எல்லோரும் சனிக்கிழமை என்பார்கள். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணை இருக்கிறது. சிபா என்றால் தெரியும். கொடுவா மீனைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பதைப் பற்றி விளக்கிச் சொல்லக்கூடியவர்கள். மத்திய அரசு நிறுவனம், சனி ஞாயிறு விடுமுறை. அதைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமையாகப் பாருங்கள்.

3. காகிதங்கள்: ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்

முதல் சிக்கல், எந்த மாவட்டம் என்பது. 2019-ல் வேலூர் மூன்றானது. ஆற்காடு, அரக்கோணம் பள்ளிகளுக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர். அதே ஆண்டில் கோவளமும் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. பழைய மாதிரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு 'காஞ்சிபுரம் மாவட்டம், கோவளம்' என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும், ஒரு வாரம் போகும். மாவட்டக் கல்வி அலுவலரும் இப்போது தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று தனித்தனி. உங்கள் பள்ளி யாரிடம் வருகிறது என்று பார்த்து அவர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள்.

தலைமையாசிரியர் கடிதத்தில் இருக்க வேண்டியவை: எந்த வகுப்பு, மாணவர் மாணவியர் எண்ணிக்கை, பெயர்ப் பட்டியல், உடன் வரும் ஆசிரியர் பெயர், கைப்பேசி எண், போகும் வழி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், வண்டி எண், பயணத்தின் நோக்கம், பாடத்தோடு தொடர்பு. மாணவியர் இருந்தால் ஆசிரியைகள் கட்டாயம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வையுங்கள், நீர்க்கரையில் அதற்குக் குறைந்தால் சமாளிக்க முடியாது.

இரண்டு இடங்களில் கோப்பு மாட்டிக்கொள்ளும். ஒன்று, வண்டி எண் கேட்பார்கள், வண்டிக்காரரோ அனுமதி வந்தால்தான் வண்டியைச் சொல்வேன் என்பார். சின்ன முன்பணம் கொடுத்து வண்டியை முதலில் பிடித்துவிடுங்கள். இரண்டு, மழை வந்து தேதி மாறினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். இதற்கு ஒரே கடிதத்தில் மாற்றுத் தேதியையும் எழுதிவிடுங்கள். இரண்டு வாரம் தள்ளிப் போனால் அடுத்த பட்சத்துச் சஷ்டி சப்தமி வந்துவிடும், ஓத நேரமும் ஏறக்குறைய அப்படியே அமையும்.

பெற்றோர் ஒப்புதல் கடிதம் அச்சடித்துக் கொடுப்பது சுலபம். ஆனால் 'சுற்றுலா' என்று மட்டும் எழுதாதீர்கள். கடற்கரைக்குப் போகிறோம், குளிக்க அனுமதி இல்லை, அதிகாலைப் புறப்பாடு என்று மூன்றும் இருக்கட்டும். அப்பா பெங்களூரில் வேலையில் இருப்பார், பிள்ளையே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரும். அம்மாவோ பாட்டியோ போடலாம் என்று முன்பே சொல்லிவிட்டு, கடிதத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு முறை போன் செய்து பாருங்கள். பாதி எண்கள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் உடல்நிலை கேளுங்கள்: வீசிங், வலிப்பு, பஸ்ஸில் வாந்தி, மீன் அல்லது இறால் ஒவ்வாமை. வீசிங் இருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் உடன் போகும் ஆசிரியர் பையில் இருக்கட்டும், பஸ் மேலே கட்டிய மூட்டையில் அல்ல.

4. வண்டி

பள்ளிப் பேருந்து இருக்கிறதே, டீசல் மட்டும்தானே என்று தோன்றும். அதன் பர்மிட் பிள்ளைகளை வீட்டுக்கும் பள்ளிக்கும் ஏற்றி இறக்கத்தான். வெளி மாவட்டப் பயணத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தனி அனுமதி வாங்காமல் எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் காப்பீட்டில்தான் கை வைப்பார்கள்.

வாடகை வண்டியானால் பர்மிட், தகுதிச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம், எல்லாவற்றுக்கும் நகல் வாங்குங்கள். தேதியைப் படியுங்கள். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் பயணம் இது. முந்தின இரவு திருப்பதிக்கு ஓட்டிவிட்டு வந்த ஓட்டுநர் அப்படியே நம் வண்டியில் ஏறக்கூடாது. இரண்டாவது ஓட்டுநர் கேளுங்கள், கிடைக்காவிட்டால் முந்தின நாள் ஓய்வு என்று எழுதி வாங்குங்கள்.

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகலாமே என்பார்கள். கல்விப் பயணத்துக்கு மாணவர் சலுகைக் கட்டணம் உண்டுதான். ஆனால் சென்னையில் இறங்கி, மாநகரப் பேருந்தில் நாற்பது பிள்ளைகளோடு கோவளம் போய்ச் சேர்வதற்குள் கடல் ஏறிவிடும்.

5. பணம்

50 இருக்கை வண்டிக்கு ஏறக்குறைய 300 கி.மீ., ஒரு நாள், ஓட்டுநர் படி, சுங்கம் எல்லாம் சேர்த்து நாங்கள் விசாரித்த இடங்களில் 20,000 ரூபாயை ஒட்டியே சொன்னார்கள். டீசல் விலைக்கு ஏற்ப ஏறும், இறங்கும். 'சுங்கம், பார்க்கிங், படி உட்பட' என்று ரசீதில் எழுத வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வந்து இறங்கும்போது புதுக் கணக்கு ஒன்று வரும். சாப்பாட்டுக்குத் தலைக்கு 150. லென்ஸ், தட்டு, முதலுதவி, ஊரில் கொடுப்பது என்று ஒரு 3,000. நாற்பது பிள்ளைகள் போனால் ஆசிரியர் பங்கையும் சேர்த்துத் தலைக்கு 750-க்குள் வரும்.

அனுமதி கையில் வருவதற்கு முன் பணம் வசூலிக்காதீர்கள். வசூலித்தால் ரசீது கொடுங்கள். கட்ட முடியாத பிள்ளைகள் வகுப்புக்கு நான்கைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்கான தொகையை முதலிலேயே மொத்தத்தில் சேர்த்துப் பங்கிட்டுவிடுங்கள். வகுப்பில் எழுந்து நிற்க வைத்து 'யார் யாரால முடியாது' என்று கேட்கிற வேலை வேண்டாம்.

6. ஊர்க்காரர்களிடம் முன்பே பேசுங்கள்

இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் பல பயணங்கள் வெறும் மணலோடு முடிகின்றன. மீனவர் ஊரில் கரை என்பது பொது இடம் மட்டுமல்ல, வேலை செய்யும் இடம். வலை காயும், படகு இழுப்பார்கள், ஏலம் நடக்கும். நாற்பது பிள்ளைகள் வலையை மிதித்துக்கொண்டு ஓடினால் யாருக்கும் கோபம் வரும். ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களை முன்கூட்டி ஒருமுறை நேரில் பார்த்து, தேதியும் நேரமும் சொல்லி, 'ஐயா, பசங்க வந்து பார்க்கலாங்களா' என்று கேளுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம்.

கரைவலை இழுப்பவர்கள் இருந்தால் அதுதான் அன்றைய நாளின் பெரிய பாடம். வலை கரைக்கு வந்ததும் அவர்கள் விற்கிற மீனைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் நமக்கு வேண்டியது எல்லாம் இருக்கும்: பேத்தை, சின்னத் திருக்கை, நாக்கு மீன், கணவாய்க் குஞ்சு, சொரி (ஜெல்லி மீன்), நண்டு. பிரிக்கும்வரை காத்திருங்கள். அவர்கள் நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு பெரியவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால் போதும், நம் பாடப் புத்தகத்தில் இல்லாத பெயரெல்லாம் அவர் வாயிலிருந்து வரும். எழுதிக்கொள்ள இரண்டு பிள்ளைகளைத் தயாராக வையுங்கள்.

முந்தின நாள் போன் செய்யுங்கள். ஊரில் சாவு விழுந்திருந்தால், திருவிழா என்றால், கடலுக்குப் போகாமல் இருப்பார்கள். இன்காய்ஸ் உயர் அலை எச்சரிக்கையும் வானிலை அறிக்கையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணம் இல்லை, பிள்ளைகள் அழுதாலும் இல்லை.

7. பையில் என்ன

வெள்ளைத் தட்டு நான்கைந்து, கைலென்ஸ், நான்கு மீட்டர் கயிறு சில, பென்சில், அட்டை, தொப்பி, மாற்றுடை, பிடிமானமுள்ள செருப்பு. பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. 20 லிட்டர் தண்ணீர் கேன் போதுமான அளவு. கண்ணாடிப் பாட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். டப்பா கையில் இருந்தால் எதையாவது பிடித்துப் போட்டுக்கொள்ளத்தான் தோன்றும்.

8. கரையில்: முதல் கால் மணி நேரத்தை விட்டுவிடுங்கள்

நம் பிள்ளைகளில் பலருக்கு இதுதான் முதல் கடல். இறங்கியதும் வரிசையில் நிறுத்தி உயிரினப் பாகுபாடு பேசினால் ஒரு காது கேட்காது. கயிறு கட்டிய எல்லைக்குள் நின்று சும்மா பார்க்கட்டும், கத்தட்டும். கால் மணி கழித்துக் கூப்பிடுங்கள்.

சுத்தத்துக்கும் வசதிக்கும் தரும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைப் பகுதி கோவளத்தில் இருக்கிறது. கழிப்பறை, உடை மாற்றும் அறை அங்கே உண்டு, அதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சுத்தமாகப் பெருக்கி வைத்த மணலில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. கடல் ஒதுக்கிப் போட்ட குப்பைக் கோடு இருக்கும் கரைக்கு நடங்கள். பாசி, கிளிஞ்சல், சங்கு, கணவாய் ஓடு எல்லாம் அந்தக் கோட்டில்தான். கணவாய் ஓட்டைக் காட்டி, நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்பது இதுதான் என்று சொல்லுங்கள், வீட்டில் பாட்டி வைத்திருப்பதைப் பிள்ளைகள் நினைவுக்குக் கொண்டுவருவார்கள்.

நான்கு மீட்டர் கயிற்றை ஒரு மீட்டர் சதுரமாகப் போடுங்கள். ஒன்று காய்ந்த மணலில், ஒன்று குப்பைக் கோட்டில், ஒன்று அலை வந்து திரும்பும் ஈர மணலில். குழுவுக்கு ஒரு சதுரம். உள்ளே எத்தனை வளை, எத்தனை உயிர், என்ன நிறம் என்று எண்ணி எழுத வேண்டும். மேலே நண்டு வளை, கீழே அலை திரும்பும்போது மணலுக்குள் பின்பக்கமாகப் புதையும் சின்ன நண்டு, நடுவே கடல் ஒதுக்கிய ஓடும் பாசியும் என்று வரும். ஏன் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி வந்துவிட்டால் பயணச் செலவு சரியாகிவிட்டது.

அடுத்து, கடல் நன்றாக வடிந்த நேரத்தில், அலைத்தடுப்புக் கற்கள். பாசி வழுக்கும். கல்மேல் ஏற விடாதீர்கள், மணலில் நின்றபடியே ஓரக் கல்லைப் பார்த்தால் போதும். கொட்டலசு எந்த உயரம் வரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், கடல் எதுவரை ஏறும் என்பதற்கு அதுதான் கோடு. தட்டில் கடல் நீர் ஊற்றி எதையாவது எடுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.

தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் யாரும் போகக் கூடாது. குளியல் கிடையாது. இதில் எந்த ஆசிரியரும் செல்லம் கொடுக்கக் கூடாது, வயதில் மூத்தவர் உட்பட.

9. தொடக்கூடாதவை, எடுக்கக்கூடாதவை

சொரி கரையில் செத்துக் கிடந்தாலும் கொட்டும். கொட்டினால் கடல் நீரால் கழுவுங்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். வலையில் கடல் பாம்பு வரும். வால் துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும், கடும் நஞ்சு. செத்தது போலக் கிடந்தாலும் பக்கத்தில் போகக் கூடாது. திருக்கை வாலிலும் கெளுத்தி முள்ளிலும் கை வைக்கக் கூடாது.

கடல் குதிரை, கடல் அட்டை, பவளம், ஆமை இவையெல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கடையில் பவளத் துண்டு விற்றாலும் வாங்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் போனால் செத்த பங்குனி ஆமை கரையில் கிடக்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. முட்டையிடக் கரை நோக்கி வரும் காலம் அது. ஆமைக்கு நுரையீரல், மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டினால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகும். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். ஆமைக் குஞ்சு விடுவதைப் பார்க்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வனத்துறை அனுமதியோடு, பொழுது சாயும் நேரத்தில் நடப்பது அது. வேலூர் திரும்ப நள்ளிரவாகும், இந்தப் பயணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

10. சாப்பாடும் திரும்புதலும்

காலைக்குப் பொடி தடவிய இட்லி, மதியத்துக்குப் புளிசாதம். தயிர்சாதம் அந்த வெயிலில் பஸ்ஸுக்குள் தாங்காது. பத்தரைக்கெல்லாம் மணலை விட்டு ஏறிவிடுங்கள். முட்டுக்காடு ஆய்வுப் பண்ணைக்கு முன்பே இயக்குநருக்குக் கடிதம் எழுதி நேரம் வாங்கியிருந்தால் பதினொன்றுக்கு அங்கே. இரண்டு மணிக்குப் புறப்பட்டால் காஞ்சிபுரத்து நெரிசலையும் சேர்த்து ஏழு, எட்டுக்குள் வேலூர். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ணுங்கள், தலை எண்ணிக்கை மட்டும் போதாது.

அதிகாலை மூன்றரைக்குக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் இருக்காது. முந்தின இரவு பள்ளியில் தங்க வைப்பதானால் அதையும் அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும், பெண் பிள்ளைகளோடு ஆசிரியைகளும் தங்க வேண்டும். அது முடியாத பள்ளிகள் வழியில் ஊர் ஊராக நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம், அரை மணி கூடுதலாகும், அந்த அரை மணியை ஓத நேரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

11. வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் வரவு செலவை ரசீதோடு தலைமையாசிரியரிடம் கொடுங்கள், மிச்சம் இருந்தால் பெற்றோருக்குத் திருப்புங்கள். கல்வி அலுவலகத்துக்கு ஒரு பக்க அறிக்கை. அடுத்த ஆண்டு கோப்பு நகர இது உதவும். ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பிள்ளைகள் வரைந்த படம் இரண்டையும் ஒரு நன்றிக் கடிதத்தையும் அனுப்புங்கள். பிள்ளைகள் எழுதிவந்த மீன் பெயர்ப் பட்டியலையும் சதுரத்து எண்ணிக்கையையும் பள்ளி ஆய்வகத்தில் தேதி போட்டு வையுங்கள், அடுத்த பிப்ரவரியில் போகிற வகுப்பு அதே இடத்தில் கயிறு போட்டு ஒப்பிடட்டும்.